பன்னிரண்டு சோதனையிலும் தேறிய மழைக் கால்சட்டை

1. புதன்கிழமை மழை

பேக்கிங் லைன் புஷ்பம் அக்காவின் தோளை ஒரு லோரியின் பக்கக் கண்ணாடி உரசியது, ஷிப்டு முடிந்து பத்து நிமிடத்தில், நல்ல மழையில். சைக்கிளோடு சாலையோரக் கால்வாயில் விழுந்தார். கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடியதால் அடி குறைவு. விழுவதற்குப் பாதுகாப்பான இடமாகத் தேர்ந்தெடுத்தார் என்று நிர்வாகம் பாராட்டியிருக்கலாம். பாராட்டுக்குப் பதிலாக மறுநாள் காலை நோட்டீஸ் ஒட்டியது.

மலேசியாவில், கிள்ளானில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் தர சோதனைப் பிரிவில் டெக்னீஷியன், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நோட்டீஸின் சாரம் இது: மாத இறுதிக்குள் 'தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு' செய்யப்படாவிட்டால், சைக்கிளில் வருவோர் பேக்கிங் லைனிலிருந்து நீக்கப்படுவர்.

அப்படி வந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பெண்கள், ஒரே தோட்டத்திலிருந்து வருபவர்கள். அந்தத் தோட்டத்துச் சாலையில் பஸ் கிடையாது. ஆக, லோரி இடித்ததற்குத் தீர்வாக சைக்கிள் நிறுத்தப்படும். லோரிக்கு நோட்டீஸ் ஒட்ட வழியில்லை என்பது உண்மைதான். அது நிற்பதில்லை.

2. கமிட்டி

ஏற்பாட்டை முடிவு செய்ய நான்கு பேர் கொண்ட கமிட்டி அமைந்தது. மூவர் காரில் வருபவர்கள். நான்காவது ஆளான நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் வருபவள். சைக்கிளைப் பற்றி முடிவெடுக்க இதைவிட நடுநிலையான குழு அமையாது.

தலைவர் பெர்சனல் மேனேஜர் சிவபாதம் சார். யாழ்ப்பாணக் குடும்பம், பேச்சில் அது தெரியும்.

"என்ன பிள்ளை, கையுறையிலை ஓட்டை பாக்கிற ஆள் நீர்தானே?"

"ஆமா சார்."

"அப்ப மழை ட்ரவுசரிலையும் பாரும்."

இப்படித்தான் மழைக் கால்சட்டை என் பொறுப்பானது. ஏன் கால்சட்டை என்றால், மேலுக்கு எல்லாரிடமும் மழைக்கோட்டு இருந்தது. காலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணில் முதலில் படுவது ஏறி இறங்கும் கால்தான். அசையாத முதுகைவிட அசையும் காலில் பளிச்சிடும் பட்டை சீக்கிரம் தெரியும். இதை கமிட்டியில் விளக்கினேன். அனைவரும் ஆமோதித்துவிட்டு, கம்பெனி நிறமான கருநீலத்தில் வாங்கலாம் என்று தீர்மானித்தார்கள், அழுக்கு தெரியாதாம்.

"ஆளும் தெரியாது சார்" என்றேன். இரண்டுக்கு இரண்டு ஆகி, தலைவரின் கூடுதல் வாக்கில் ஆரஞ்சு நிறம் வென்றது.

3. பட்டியல்

நான் பட்டியல் போடாமல் பல் துலக்குவதில்லை. பன்னிரண்டு வரிகள் எழுதினேன். தண்ணீர் புகாத துணி, தையல் மேல் டேப், பகலில் தெரியும் நிறம், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, வியர்வை வெளியேற முழங்காலுக்குப் பின்னால் காற்றுத் திறப்பு, காலில் மாட்டிய சப்பாத்தைக் கழற்றாமல் போட்டுக்கொள்ள கால் நுழையும் அகலமான வாய், இப்படி. கிள்ளானில் மழைக்கோட்டுக் கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே மூன்று மாதிரிகள் கொடுத்தார்.

முதலாவது கெட்டியான மஞ்சள் பிளாஸ்டிக். மழை ஒரு சொட்டு உள்ளே வராது. அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் காம்பவுண்டைப் பத்து நிமிடம் சுற்றினேன். மழையே இல்லாமல் முழுக்க நனைந்து திரும்பினேன்.

இரண்டாவது மெல்லிய நைலான். கையுறைக்குச் செய்யும் அதே வாட்டர் டைட் டெஸ்ட்டை இதற்கும் செய்தேன். இரண்டு கால்களின் நுனியையும் கட்டி, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு கால்களும் சேரும் நடுத் தையலில் ஒழுகியது. சீட்டில் உட்காரும் இடம் அதுதான். தவுக்கேயிடம் சொன்னேன். "அங்க யார் பாக்கப் போறா லா!" என்றார். அவர் கவலை அழகு பற்றியது.

மூன்றாவது, உள்பக்கம் பூச்சுப் பூசிய ஆரஞ்சு நைலான். கணுக்காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் வெள்ளிப் பட்டை. ஒழுகவில்லை, வேகவில்லை. சப்பாத்தோடு கால் நுழைந்தது.

புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பேக்கிங் லைனில் மற்ற எட்டுப் பேரும் யோசனை கேட்பது அவரிடம்தான். சீருடை நீளப் பாவாடை என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார்.

"இந்த சிலுவாரு நல்லாத்தான் இருக்கு மிஸ். பாவாடைய எங்க வெக்கிறது?"

"உள்ளுக்குள்ள சுருட்டி விடுங்கக்கா."

"சுருட்டினா ஏழு மாசம் மாதிரி தெரியுது."

"லோரிக்காரன் கொஞ்சம் மெதுவா போவான்."

"நல்லா சொன்னீங்க! எங்க வீட்டுக்காரருக்கு நீங்களே பதில் சொல்லிடுங்க."

இடுப்புக்கு எலாஸ்டிக் வேண்டாம், நாடா வேண்டும் என்று திருத்தினேன். பன்னிரண்டு சோதனையிலும் தேர்ச்சி. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

4. மற்றக் கால் எங்கே?

பட்டியலுக்கு வெளியே ஒரு சோதனை பாக்கி, சாலையில். அந்த மாலை ஏழு மணிக்கு வானம் கறுத்து மழை கொட்டியது. தவுக்கே கடனாகக் கொடுத்த ஆறு கால்சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஆறு பெண்கள் வாசலைவிட்டுக் கிளம்பினார்கள். சிவபாதம் சார் காரில், விளக்கைப் போட்டுக்கொண்டு, லோரிக்காரன் போலப் பின்தொடர்ந்தார். நான் பக்கத்து இருக்கையில், மடியில் பட்டியலோடு.

கொஞ்ச தூரத்தில் வெள்ளிப் பட்டைகள் மேலும் கீழுமாக மின்னின. நான் பெருமையாகத் திரும்பினேன். அவர் கண்ணாடியை நோக்கிக் குனிந்திருந்தார்.

"பிள்ளை, எல்லாரும் ஒற்றைக் காலோடையோ போகினம்? மற்றக் கால் எங்கை?"

எண்ணினேன். ஆறு பேர், ஆறு பட்டைகள். எல்லாம் இடது கால். அவர் முந்துவதற்காக வலப்பக்கம் ஒதுங்கினார்; ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. புஷ்பம் அக்காவின் கைப்பிடி காரின் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் கடந்தது. சடாரென்று பிரேக் போட்டு, ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஒரு வெளிச்சத்தைப் பாத்து, ஆள் நல்லா இடப்பக்கம் ஒதுங்கிப் போகுது எண்டு நினைச்சன். இது சரிவராது பிள்ளை. நோட்டீஸ் நோட்டீஸாவே இருக்கட்டும்."

இறங்கி மழையில் ஓடினேன். ஆறு பேரும் நின்றிருந்தார்கள். ஆறு பேரின் வலது காலும் கெண்டைக்கால் வரை மடித்துச் சுருட்டப்பட்டிருந்தது. பட்டை அந்தச் சுருட்டலுக்குள் பத்திரமாக, துளியும் நனையாமல் இருந்தது.

"ஏன்க்கா மடிச்சீங்க?"

"மடிக்காம? செயின் கடிச்சு இழுத்துடும் மிஸ். எங்க சைக்கிளுக்கு ஏது செயின் கவரு!"

சைக்கிளின் செயின் வலப்பக்கம். நம் நாட்டில் வண்டிகள் முந்துவதும் வலப்பக்கம். எந்தக் கால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டுமோ அந்தக் காலை மட்டும் மூடிவைக்கும் கால்சட்டையை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். மடிக்கத் தேவையே வராதபடி வாய் குறுகலாக இருந்திருக்கலாம். அகலமான வாய் கேட்டவள் நான், ஆறாவது வரியில்.

"ரப்பர் பேண்டு போட்டா?" என்றேன்.

"இது வழுக்குற துணி. நாலு மிதியில கழண்டுடும்." புஷ்பம் அக்கா தன் காலைப் பார்த்தார். அவர் குரல் தணிந்திருந்தது. "அப்ப எங்கள லைன்லருந்து எடுத்துருவாங்களா மிஸ்?"

கையோடு கொண்டுவந்த பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். பன்னிரண்டு வரியிலும் செயின் இல்லை.

அவர் சுருட்டலை அவிழ்த்தார், மறுபடி மடித்தார். "மடிச்சா உள்பக்கம்தானே வெளிய வருது. அப்ப வலது காலுக்கு மட்டும் பட்டைய உள்ள தெச்சுட்டா?"

தைத்தால் ஊசித் துளையில் ஒழுகுமே என்று என் வாய்வரை வந்தது. ஆனால் அந்த இடம் இரண்டு மடிப்பாக முழங்காலுக்குக் கீழே நிற்கும். ஒழுகினால் சப்பாத்து நனையும், அவ்வளவுதான். டிப்ளோமா வாங்கிய மூளைக்கு இது தோன்றாததற்குக் காரணம், அது சைக்கிள் மிதித்ததில்லை.

5. திருத்திய தவுக்கே

இன்னொரு முறை சாலையில் பார்க்க சிவபாதம் சாரின் சம்மதம் வாங்கி, ஒன்பது கால்சட்டைக்கு ஆர்டர் எழுதினேன்: பட்டை, இடது காலுக்கு வெளிப்பக்கம், வலது காலுக்கு உள்பக்கம். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. பதினெட்டுக் காலிலும் பட்டை வெளிப்பக்கம். தவுக்கேயை போனில் பிடித்தேன்.

"நீ எழுதினது தப்பு லா, மிஸ். உனக்குத் திட்டு விழக்கூடாதுன்னு நானே சரி பண்ணிட்டேன். காசு வேணாம்."

இத்தனை அன்பான தவறை எப்படித் திட்டுவது? தேநீர் இடைவேளைகளில் பேக்கிங் மேசையில் ஒன்பது பேரும் உட்கார்ந்து வலது கால் பட்டைகளைப் பிரித்து உள்பக்கம் தைத்தார்கள். நான் நூல் கோத்துக் கொடுத்தேன்; அதற்கும் டிப்ளோமா தேவையில்லை.

மறுநாள் மாலை மழை ஏமாற்றவில்லை. சிவபாதம் சார் அதே இடத்தில் பின்தொடர்ந்தார். உரக்க எண்ணிக்கொண்டே வந்தார். பதினெட்டு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, சைக்கிளின் வலது ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிந்த மனிதராக, அகலமாக ஒதுங்கிக் கடந்தார். காலையில் நோட்டீஸ் பலகையில் நான்கு ஊசிகள் மட்டும் இருந்தன. ஒன்பது பேரும் லைனில் இருந்தார்கள்.

அறிக்கையில் இது 'கமிட்டியின் வடிவமைப்பு' என்று பதிவானது. யோசனை புஷ்பம் அக்காவுடையது என்று நான் திருத்தம் எழுதி அனுப்பினேன். 'புஷ்பம் எந்த கிரேடு?' என்ற கேள்வியோடு அது திரும்பி வந்தது.

புதிதாக லேபுக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பொருளை மட்டும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அதைப் போட்டுக்கொள்பவர் வாசலுக்கு வெளியே போனதும் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மழைக் கால்சட்டை ஸ்பெக்கில் இதைப் பதின்மூன்றாவது வரியாகச் சேர்த்து, பக்கத்தில் 'ஆலோசனை: புஷ்பம், பேக்கிங்' என்று எழுதினேன். எங்கள் மேலிடம் எந்தப் பட்டியலையும் பத்தாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. அதனால்தான் அந்தப் பெயரை இதுவரை யாரும் அடித்து நீக்கவில்லை.