எல்லா வரியிலும் இருநூறு

எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் கடைசியில். அதைத் தொட அனுமதி எனக்கு மட்டும்தான். நான் தொழிற்சாலைக் கிராணி, அதாவது கணக்கெழுதும் கிளார்க்; பக்கத்து டவுனான தானா ராத்தாவில் டைப்பிங் படித்தவள். வேறு தகுதி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மாதம் என் நடையே மாறிப்போனதாகத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேசிக்கொண்டார்கள். பொய்யில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்த இன்ஜினியர், சூடு அளக்கும் கருவிகளைப் பொருத்தி வயர் இழுத்துவிட்டுப் போய்விட்டார். கருவி காட்டுவதை அந்தப் பெட்டி நாள் முழுக்கத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். ஆனால் எந்த வயர் எதனுடையது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே! அதற்குத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக். பெயர், இடம், பாரன்ஹீட், இதற்குக் கீழே போகக்கூடாது, இதற்கு மேலே போகக்கூடாது. எல்லை தாண்டினால் மணி அடிக்கும். நாற்பத்திரண்டு டேக்கையும் ஒவ்வொன்றாக நானே தட்டினேன். குளிரில் விரல் விறைத்தால் தேநீர் கிளாஸைப் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி தட்டுவேன்.

இலையை உலர்த்தும் டிரையருக்கு என்ன எல்லை போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒன்பது வருடமாக டிரையர் சூட்டை நான் எழுதிய லாக் புக் இருக்கிறதே. புரட்டினால் எல்லா வரியிலும் இருநூறு. கீழே நூற்றுத் தொண்ணூற்றைந்து, மேலே இருநூற்றைந்து என்று போட்டுவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

அந்த இருநூறு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, எவ்ளோ?" என்று கத்துவேன். டிரையரைப் பார்த்துக்கொள்பவர், நான் அண்ணன் என்றே கூப்பிடுபவர், மீட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதேதான் போடு தங்கச்சி!" என்பார். எண் மாறினால் பழைய மேனேஜர் துரை குதிப்பார் என்று ஆரம்பித்த பழக்கம். அந்தத் துரை போய் வெகுகாலம்; பழக்கம் போகவில்லை. டிரையரிலிருந்து விழும் தூளை அண்ணன் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துதான் சூட்டை வைப்பார். மழையில் நனைந்த இலைக்கு ஏற்றுவார், வெயில் நாளில் இறக்குவார். தூள் ஒருநாளும் கெட்டதில்லை.

கம்ப்யூட்டரை ஓட்டிய முதல் நாள் காலையில் மணி அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. முந்தின நாள் முழுக்க மழை. பிரிண்டர் தாள் தாளாகக் கக்கியது. இப்போதைய துரை அதைச் சுருட்டிக்கொண்டு நேராக டிரையருக்குப் போனார்; நானும் பின்னால் ஓடினேன்.

"ஒம்போது வருஷமா இருநூறு, மிசின் வந்த ஒடனே இருநூத்திப் பதினெட்டா? யார ஏமாத்துற? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத. மாசக் கடைசில வீட்டையும் காலி பண்ணிடு."

அண்ணிக்கு அப்போது ஏழு மாதம், மூன்றாவது பிள்ளை. லயத்து வீட்டை விட்டால் அவர்களுக்குப் போக இடமில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். எழுதியது யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரிங்கய்யா" என்று கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

மத்தியானம் சோற்றை மூடி வைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான், அடி வாங்கியது அவர். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பொம்பளைக்குக் கிராணி வேலையா என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஒன்பது லாக் புக்கையும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்த் துரையின் மேசையில் வைத்தேன்.

"ஐயா, எல்லாம் என் கையெழுத்து. மீட்டர பாத்து எழுதுனதே இல்ல. இத வச்சுத்தான் மிசின்லயும் லிமிட் போட்டேன். அனுப்புறதுனா என்னையும் சேத்து அனுப்புங்க."

துரை வெகுநேரம் புரட்டினார். பிறகு காலையில் இறங்கிய தூளில் டீ போட்டுக் கொண்டுவரச் சொன்னார். டீ ருசி பார்க்கும் முறைப்படி ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். அடுத்த வாயைக் குடித்தேவிட்டார்.

"டீ நல்லாத்தான் இருக்கு லா," என்றார் எரிச்சலோடு. "அவன வரச் சொல்லு. ரெண்டு பேரும் பத்து நாளைக்கு மீட்டர பாத்து உள்ளத எழுதுங்க. அப்புறம் மிசின்ல போடு."

பத்து நாள் டிரையர் பக்கத்திலேயே நின்றேன். சூடு நூற்றெண்பத்தைந்திலிருந்து இருநூற்றிருபது வரை போனது. டேக்கைத் திறந்து எல்லையை மாற்றித் தட்டினேன். மணி வாயை மூடியது.

"அன்னைக்கு ஏண்ணே என்னய காட்டிக்குடுக்கல?" என்று கேட்டேன்.

"நீயும் போயிட்டா அந்தப் பெட்டிய யாரு அடக்குறது?" என்று சிரித்தார். தூளைத் தேய்த்து முகர்ந்துகொண்டே, "நான் சொன்னததான நீ எழுதுன" என்றார்.

அதன்பின் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சூடு தானாகப் பதிந்தது, ஒரு எண்கூடப் பொய்யில்லை. ஆனாலும் அரைமணி ஆனால் என் கை ஜன்னலைத் திறந்துவிடும். கேட்க ஒன்றும் இருக்காது, சும்மா தலையை நீட்டுவேன். டிரையர் இரைச்சலுக்கு மேலே, திரும்பாமலே அண்ணன் கத்துவார்: "அதேதான் தங்கச்சி!"

அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.