உடைத்தவரே எடுக்க வேண்டிய வேர்

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில், பல் பிடுங்கும் துறைக்கு ஆசிரியராக வந்த முதல் பெண் நான். துறைத் தலைவர் ஒரு விதி வைத்திருந்தார்: பல்லைப் பிடுங்கும்போது வேரை உள்ளே உடைத்தவர் யாரோ, அவரே அதை எடுத்து முடிக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. நான் முதல்முறை உடைத்தபோது மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து வேடிக்கை காட்டினார். "பூ கட்டுற கை, பாத்துக்கோங்க" என்றார்.

அவர் உடைத்தால் மட்டும் வெளியே அவசர வேலை வந்துவிடும். போகிறபோக்கில் என்னைக் கூப்பிடுவார். அவர் விட்டுப்போன வேர்களை எடுத்தே என் கை தேறியது.

எழுபதுகளின் கடைசியில் பேராசிரியர் பதவி காலியானது. "அந்தம்மாவுக்குக் கை பலம் கம்மி" என்று தலைவர் கல்லூரி முதல்வரிடம் சொல்லிவைத்தார். முதல்வர் முடிவெடுக்காமல் இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் சொந்த ஊரான திருவண்ணாமலையில் எங்கள் கல்லூரியின் இலவசப் பல் முகாம் நடந்தது. கிரிவலப் பாதையோரம் ஒரு மண்டபம். முதல்வரும் வந்திருந்தார். கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவரின் கடைவாய்ப் பல்லைத் தலைவர் முறுக்கினார். வேர் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"கொஞ்சம் பாரும்மா, வெளியில ஆள் நிக்குது" என்றார்.

ஈறு நன்றாக மரத்திருக்கிறதா என்று விவசாயியைக் கேட்டேன். தலையாட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"உடைச்சவங்கதான் எடுக்கணும் சார். நீங்க வச்ச விதி."

மாணவர்கள் கூரையைப் பார்த்தார்கள். தலைவர் குனிந்து நோண்டினார், அவருக்கு வியர்த்தது. விவசாயியின் மனைவி முதல்வரிடமே கேட்டுவிட்டார்: "இன்னா சார், கெணறு வெட்றாரா?"

முதல்வர் எழுந்து வந்தார். "நீங்க எடுத்துடுங்களேன்மா."

"சார் வாயால சொன்னா எடுக்கிறேன்."

தலைவர் நிமிராமலே சொன்னார்: "என்னால முடியல. எடும்மா."

வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நெம்புகோலை நுழைத்து லேசாகத் திருப்பினேன். பலத்துக்கு அங்கே வேலையே இல்லை. வேர் எழும்பி வந்தது.

"இந்தம்மாகிட்டயே மொதல்ல உட்டிருக்கலாம்ல?" என்றார் அந்த மனைவி, முதல்வரைப் பார்த்தே.

பதவி எனக்கு வந்தது. தலைவர் ஓய்வுபெறும் வரை, அவர் யாருக்காவது கடைவாய்ப் பல் பிடுங்கக் குறடு எடுக்கும்போதெல்லாம் என் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டுதான்.