சிவக்கட்டும் என்று வேண்டிய அறை

ஊசி படாத இடமும் சிவக்கும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் டாக்டரம்மா. ஐம்பதுகளின் கடைசியில், என் மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், கொடைக்கானலில் தோல் வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாகச் சேர்ந்த முதல் வாரம். அந்த வேலையில் பாதி நேரம் மற்றவர் சொறிவதைப் பார்க்க வேண்டும். மீதி நேரம் நமக்கும் அரிக்கிறதோ என்று தோன்றும். சொறியாத மனுஷர் உண்டா, உங்களுக்குத் தெரியாததா?

கடுகளவு மருந்து

டாக்டரம்மா தன் கையிலேயே ஒரு சொட்டு சோதனை மருந்து வைத்து ஊசி நுனியால் லேசாகக் குத்தினார். குத்திய இடம் கொசு கடித்தது போலத் தடித்தது. அது கிடக்கட்டும். மருந்தே படாத சுற்றுப்புறத்தில் ரெண்டு விரல் அகலத்துக்குச் செம்மை படர்ந்ததே, அதைத்தான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

"நரம்பு சேதி கொண்டு போகுது. அதோட நுனியில என்னமோ கசிஞ்சு ரத்தக் குழாயை விரிக்குது. அது என்னன்னு படிச்சவங்களே இன்னும் தேடுறாங்க. பெருநோயில, அதான் குஷ்டத்துல, நரம்பு செத்திருந்தா தடிக்கும், சுத்திச் செவக்காது. இந்த ரூமுல செவந்தா நல்ல சேதி, ஆயாம்மா."

சிவக்காதவர்

ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யா வியாபாரி, முதுகில் ஒரு படையோடு வந்தார். படை மேல் குத்திய இடம் தடித்தது; சுற்றிலும் சிவக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, சொகமாகிவிட்டது என்று சட்டையை மாட்டினார். டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, பெருநோய்தான், மாத்திரையில் கட்டுப்படும் என்று பக்குவமாகச் சொன்னார். மாதம் தவறாமல் மலையேறி வந்தார் மனுஷன்.

"செவந்துருமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன் தாயி. செவக்கலைன்னா பயப்படணும்னு ஒருத்தரும் சொல்லலையே."

பூண்டி மருமகள்

பாக்கியம் பூண்டியில் வெள்ளைப்பூண்டு உரிக்கிறவள். முன்கையில் வெளிறிய படை. பெருநோய் என்று பயந்த மாமியார் நாலு மாதமாக அவளுக்குத் தனித்தட்டு வைத்து, கைக்குழந்தையைத் தொடவும் விடவில்லை. அன்றைக்கும் குழந்தை மாமியார் இடுப்பில்தான். அந்த அம்மா வாய் திறக்கும்போதெல்லாம் பாக்கியம் பறபறவென்று சொறிந்தாள். "மனசு கலங்குனா நரம்பும் கலங்கும், அரிப்பு கூடத்தான் செய்யும்," என்றார் டாக்டரம்மா.

படையின் மேல் குத்தினார். தடித்தது. செம்மை வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் மாமியார்.

பாக்கியம் குழந்தையையே பார்த்தாள். டாக்டரம்மா அவள் விரலைத் தொட்டுப் பார்த்து, "கை பனிக்கட்டியா இருக்கு. சூடு பண்ணி மறுபடி பாக்கலாம்," என்றார். அவள் கையை என் உள்ளங்கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பழநியாண்டவரைக் கூப்பிட்டேன். மறுபடி குத்தினார். மெள்ள, விளக்கு ஏற்றினாற்போல், தடிப்பைச் சுற்றிச் செம்மை படர்ந்தது. நரம்பு உயிரோடு இருந்தது. பூண்டுச்சாறு ஒத்துக்கொள்ளாமல் வந்த புண்ணின் தழும்புதான் அந்தப் படை.

மாமியார் குழந்தையை நீட்டினார்.

"இந்தா, பிடி ஒன் பிள்ளைய. நாலு மாசமாத் தூக்கி என் இடுப்புல நரம்பே இல்ல."

ஊரே தோல் சிவந்துவிடக் கூடாது என்று கும்பிட, நான் மட்டும் சிவக்கட்டும் என்று கும்பிட்டே என் பிள்ளைகளை ஆளாக்கினேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் யாருக்காவது படை வந்தால் தனித்தட்டு எடுத்து வைக்காதீங்க, வெரசா டாக்டரிடம் கூட்டிப் போங்க.