கேலி தயார், வந்து பார்க்கவும்

போன புதன்கிழமை காலை, ஜொகூர் பாருவில் நான் பிழை திருத்தும் அச்சகத்துக்குள் ஒரு சங்கத் தலைவர் குடையை ஓங்கிக்கொண்டு நுழைந்தார். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. தம் சொற்பொழிவைப் புத்தகமாகப் போடக் கொடுத்திருந்தார். கேட்டவர்கள் பட்டது போதாதென்று படிப்பவர்களுக்கும்...

கையில் எங்கள் தபாலட்டை.

“‘தங்கள் சொற்பொழிவின் கேலி தயார். வந்து பார்க்கவும்.’ என்னய்யா இது? என் பேச்சைக் கேலி பண்ணிட்டு, அத நானே ரயிலேறி வந்து பாக்கணுமா?”

அச்சுக்கோக்கும் முனியாண்டி, “அலாமாக்!” என்று எழுந்தார். ஒரு நீளத் தட்டை இரு கையாலும் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். அதில் ஈய எழுத்துகள் வரிவரியாக நின்றன.

“ஐயா, இந்தத் தட்டுக்குத்தாங்க கேலின்னு பேரு. கோத்த எழுத்த இதுல அடுக்கி, பக்கம் பிரிக்கிறதுக்கு முன்னாடி மை தடவி ஒரு தாள்ல எடுத்துப் பாப்போம். அதான் கேலி புரூப். வெள்ளக்காரன் பாஷையில அது கப்பல் பேருங்க. துடுப்பு போட்டு ஓட்டுற நீளக் கப்பல். தட்டும் அதே மாதிரி நீளமா இருக்கறதால அந்தப் பேர வச்சுட்டாங்களாம். சிங்கப்பூர்ல வேல செஞ்சப்ப ஒரு துரை சொன்னாரு.”

தெளிவான விளக்கம். கேட்டவர் தெளிந்தாரா? தமக்குத் தெரியாததை ஒரு கம்பாசிட்டர் சொல்லிவிட்டானே — அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“எனக்கே பாடம் சொல்றியா? மன்னிப்புக் கேளு!”

“அட்டையை எழுதுனது நான்தாங்க,” என்றேன். உண்மை அதுதான். ‘புரூப்’ என்ற சொல்லை அவசரத்தில் விட்டவனும் நான்தான்.

“நீங்க படிச்சவங்க. தெரியாம எழுதியிருப்பீங்க. இந்த வார்த்தையெல்லாம் பழக்கிவிட்டது இவன்தானே?”

முதலாளி என் பக்கமே திரும்பவில்லை. “கேட்டுரு முனியாண்டி. பெரிய ஆர்டர் லா...”

முனியாண்டி மை படிந்த கைகளைக் கூப்பினார். “மன்னிச்சுக்குங்க ஐயா.” தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று முழுதும் அவர் என்னோடு பேசவில்லை. ஏன் பேச வேண்டும்? ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டு, அதோடு கடமை முடிந்ததென்று நின்றவன்தானே நான்!

தலைவரோ நாற்காலியில் சாய்ந்து புரூப் பார்த்தார். தம் பேச்சைத் தாமே படித்து, இரண்டு இடங்களில் தலையாட்டி ரசித்தார். தெரியாது என்று ஒப்புக்கொள்ள வராதவர்களாகப் பார்த்துத்தான் நாம் மேடையேற்றுகிறோமோ?

நேற்று அந்தச் சங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் அச்சுக்கு வந்தது. ஞாயிறன்று தலைவர் பேசுகிறார். தலைப்பு: ‘அச்சுச் சொற்களின் பிறப்பு — என் ஆராய்ச்சி.’

அச்சுக்கோத்தவர் முனியாண்டி. ஒரு பிழைகூட இல்லை.