குமுதா கழற்றிய வளையல்

குமுதா என் தம்பி சுரேனின் மனைவி; அவனுக்கு அக்காவான என்னை அண்ணி என்பாள். வேலை பார்த்துக் குடியிருந்த தோட்டம் விற்றுப்போன பிறகு ஈப்போ பக்கம் செமோரில் கிடைத்த வரிசை வீட்டில் நாங்கள் எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம். அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே நகை போடக் கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களை மாட்டிக்கொள்வாள். வயிற்றில் இருந்தபோதே பாப்பா கேட்ட சத்தமாம் அது. மகளைப் பாப்பா என்றேதான் கூப்பிடுவோம்.

மூத்தவன் சீனிக்கு ஏழு வயது. பேச்சு இல்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளை நேராக அடுக்கிவைப்பான். ஒன்று விலகினாலும் அழுவான். அவனுக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தபோது நான்கு வயது முடிந்துவிட்டது. "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்ததற்காகக் குமுதா இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் உள்ள கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு ஆய்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவளே போய்ப் பாப்பாவின் பெயரைக் கொடுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆய்வுக் குழுவிலிருந்து ஷஹீதா எங்கள் வீட்டுக்கு வந்து, பாப்பா பார்ப்பதையும் சிரிப்பதையும் வீடியோ எடுப்பாள். அவள் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மீரா சாஹிப்பின் மகள். இப்படிப்பட்ட வீடுகளில் பின்னால் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஆட்டிசம் வரலாம் என்று முதல் நாளே மறைக்காமல் சொன்னவள்.

பாப்பாவுக்கு ஒரு வயதானபோது, கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று பார்க்கும் நாள் வந்தது.

"இன்னைக்குப் பாப்பாவுக்கு எஸ்பிஎம் பரீட்சை லா," என்றான் சுரேன். "அப்பா மாதிரி கோட்ட விட்டுறாதம்மா."

"வாய மூடுங்க," என்றாள் குமுதா. அவள் சிரிக்கவில்லை.

ஷஹீதா பின்னால் நின்று "பாப்பா" என்றாள். பாப்பா ஒரு பால்டின் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். அசைவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது, ஷஹீதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமுதாவின் கை லேசாக ஆடியது. வளையல் கிணுங்கியது. பாப்பா சட்டென்று திரும்பினாள்.

பேருக்குத் திரும்பினாள் என்று ஷஹீதா குறித்துக்கொண்டாள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். குமுதா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவள், வளையல் மாட்டாமலே பாப்பாவின் பின்னால் உட்கார்ந்து கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மூடி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, அன்னைக்கே பாத்தீங்கதானே? ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சீனிக்குச் செஞ்சதையே இவளுக்கும் செய்யப் பாத்தேன்."

தரையில் இருந்தபடியே ஷஹீதாவுக்கு ஃபோன் போட்டாள்.

"மிஸ், பாப்பா பேருக்குத் திரும்பல. என் வளையலுக்குத்தான் திரும்புனா. நான்தான் ஆட்டுனேன்."

ஷஹீதாவின் குரல் எனக்கும் கேட்டது. "காது நல்லாக் கேக்குதுன்னு தெரியுதுல்லக்கா. இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்ல. இத மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு சொல்ல முடியாது. ஆனா இப்பவே வெளையாட்டாப் பயிற்சிய ஆரம்பிச்சிரலாம். நாளைக்கு வாரேன்."

மறுநாள் வளையல் இல்லாமல் பார்த்தார்கள். பாப்பா திரும்பவில்லை. ஷஹீதா அதையும் எழுதிக்கொண்டு, குமுதாவைப் பாப்பாவுக்கு எதிரே உட்காரவைத்தாள். "மூடியப் புடுங்காதீங்கக்கா. நீங்களும் ஒண்ணு சுத்துங்க. அவளாப் பாக்குற வரைக்கும் காத்திருங்க."

இப்போது தினமும் சாயங்காலம் இரண்டு மூடிகள் சுற்றுகின்றன. வளையல்கள் சீனியிடம் இருக்கின்றன. பச்சை, சிவப்பு என்று தரையில் வரிசை பிடிக்கிறான்.

நேற்று குமுதாவின் மூடி முதலில் சுற்றி நின்றது. பாப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். குமுதா அசையவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுப் பாப்பா திரும்பிவிடக் கூடாதென்று நான் அடுப்பை அணைத்தேன்.