கார்த்திகையில ஒரு வரித் தள்ளுபடி

என் மாமனார் இப்பல்லாம் வீடியோ கால்ல வந்தா நெத்தி மட்டும்தான் தெரியும். போனை எங்க புடிக்கணும்னு யார் சொல்லியும் கேக்க மாட்டாரு. நெத்தியே மணிக்கணக்கா பேசும். கரூர்ல பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து, மைக்குல வண்டி நேரம் சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆன மனுஷன், அவர்கிட்ட பேச்சு நின்னு நான் பாத்ததில்ல. ஆனா அவரை நெனச்சா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அவர் பேசின எதுவும் இல்ல. போன்ல அவர் ஒண்ணுமே பேசாம இருந்த ஒரு அரை நிமிஷம்தான். ம்யூனிக் பக்கத்துல கார்ஹிங்கற ஊர்ல ஒரு போன் பூத்துக்குள்ள நிக்கறேன், துருக்கிக்காரர் கடையில வாங்கின போன் கார்டு கையில, ரிசீவர் காதுல. அந்தப் பக்கம் கரூர்ல ஏதோ பஸ் ஹாரன் அடிக்குது. அவர் மட்டும் பேசல.

யூரோ நோட்டு புதுசா வந்திருந்த சமயம் அது. கம்ப்யூட்டர் ஆளுங்க வேணும்னு ஜெர்மனி கூப்பிட, நானும் கெளம்பிட்டேன். வேலை ஆர்டர்ல வருஷ சம்பளம் போட்டிருந்துச்சு. அதைப் பன்னெண்டால வகுத்து, ரூபாயில பெருக்கி, அப்பாகிட்ட சொன்னேன். அப்பா தெருவுக்கே சொன்னாரு. தெரு புரோக்கருக்குச் சொல்லுச்சு. புரோக்கர் மூலமா அந்த நம்பர் கரூர் போய்ச் சேர்ந்து, ஆவணியில நிச்சயமே ஆயிருச்சு. கல்யாணம் தையிலன்னு பேச்சு. நான் வாங்கவே வாங்காத ஒரு சம்பளத்துக்கு ஒரு பொண்ணு பாத்தாச்சு.

அப்புறம்தான் முதல் சம்பளச் சீட்டு வந்துச்சு. பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு, அவ்வளவுதான். வேற யாரோட சீட்டோ மாறி வந்திருச்சுன்னு நெனச்சேன். பேரைப் படிச்சேன், நான்தான். மறுபடி படிச்சேன், அப்பவும் நான்தான். நேரா சம்பளப் பிரிவுல இருந்த ஜெர்மன்கார அம்மாகிட்ட ஓடினேன். மூக்குக் கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்து, ஸ்கேன் ரிப்போர்ட் சொல்ற டாக்டர் மாதிரி மெதுவா சொன்னாங்க, "நீங்க கல்யாணம் ஆகாதவர். அதனால வரியில ஒண்ணாம் வகுப்பு." ஒண்ணாம் வகுப்புன்னதும், ரயில்ல இருக்கற மாதிரி நல்ல விஷயம்னு நான் நெனச்சேன். அது தனிக்கட்டைங்களுக்கான வகுப்பாம், பிடித்தம் ஜாஸ்தி. கல்யாணமாகி, பொண்டாட்டி இங்க வந்து கூட இருந்து, அவங்களுக்கு வருமானம் இல்லைன்னா மூணாம் வகுப்பு. மாசாமாசம் கையில கணிசமா கூட நிக்கும். அதைவிடப் பெருசு ஒண்ணு சொன்னாங்க. டிசம்பர் முடியறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு பொண்ணு இங்க வந்து பதிவு பண்ணிட்டா, முழு வருஷத்துக்கும் சேத்துக் கணக்குப் போட்டு வரியில ஒரு பங்கு திரும்பி வரும். "எப்பக் கல்யாணம்?"னு கேட்டாங்க. ஜனவரின்னேன். பெத்த தாய் மாதிரி நெஞ்சுல கை வச்சுக்கிட்டாங்க. "ஜனவரியா! ஐயோ!"

அதனாலதான் அந்த போன். கல்யாணத்தைக் கார்த்திகைக்கு மாத்த முடியுமான்னு கேட்டேன். மார்கழி ஆகாது, தை லேட்டு. "என்ன மாப்பிள்ளை, அவ்வளவு அவசரம்?"னு மாமனார் சிரிச்சாரு. அந்தச் சிரிப்போட விட்டிருக்கணும். வெக்கப்பட்ட மாதிரி நடிச்சிருந்தாலே போதும், ஊரே மெச்சியிருக்கும். நான் எதையும் தமாஷாச் சொன்னா தாங்கிக்குவாங்கன்னு நம்பற ஜாதி. உண்மைச் சம்பளம், ஒண்ணாம் வகுப்பு, மூணாம் வகுப்பு, டிசம்பர் கடைசின்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டு, "ஆக உங்க பொண்ணு கால் எடுத்து வச்சாலே லட்சுமிதான் மாமா"ன்னு முடிச்சேன்.

அந்த அரை நிமிஷம் அப்பதான் வந்துச்சு. அப்புறம் குரல் ரொம்பச் சின்னதா வந்துச்சு. "அப்ப என் பொண்ணு உங்களுக்கு வரித் தள்ளுபடியா மாப்பிள்ளை?"

லைன் கட்டாயிருச்சு. கார்டுல காசு தீந்துச்சா, அவர் வச்சாரான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. கேக்கற தைரியமும் வரல. பூத்துக்குள்ள அப்படியே நின்னேன். வெளிய ஒரு கிழவர் கண்ணாடியில தட்டின பிறகுதான் ரிசீவரை வச்சேன். கல்யாணம் நின்னு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். அப்பா கூப்பிட்டு, "அவங்ககிட்ட என்னடா சொல்லித் தொலைச்ச? அந்த மனுஷன் போனையே எடுக்க மாட்டேங்கறாரு"ன்னு கத்தினாரு.

காப்பாத்தினது பொண்ணுதான். பிரௌசிங் சென்டர்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு. "அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. சம்பளத்தைப் பத்தி நீங்களே உண்மையைச் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, சொன்ன விதம் பிடிக்கல. கார்த்திகைக்கு எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்." அதை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதீங்க.

கார்த்திகையில தாலி கட்டினேன். விசா கைக்கு வந்து, வருஷம் முடியற தறுவாயில அவ ம்யூனிக்ல எறங்கினா. அப்ப யூ-பான் ரயில் எங்க ஊருக்குள்ள வரல, முந்தின ஸ்டேஷனோட நின்னுரும், அப்புறம் பஸ். பனியில செருப்பு வழுக்க வழுக்க, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா நகராட்சி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க தேனிலவு அங்கதான், டோக்கன் எடுத்து உக்காந்து.

அடுத்த சம்பளம் எகிறுச்சு. ஆனா மாமனார் மறக்கல. மாசம் பொறந்தா போன், மொதக் கேள்வி அதேதான். "என்ன மாப்பிள்ளை, இந்த மாசம் என் பொண்ணால எவ்வளவு மிச்சம்?" நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பாரு. பக்கத்துல நிக்கற அவ சிரிக்க மாட்டா.

சில வருஷம் கழிச்சு, மொழி படிச்சு, அவளும் ஒரு லேப்ல வேலைக்குச் சேந்தா. முதல் சம்பளச் சீட்டோட சமையக்கட்டுல நின்ன அவ மொகத்தைப் பாத்தேன். எனக்கு நல்லாத் தெரிஞ்ச மொகம் அது, நான் ஒருகாலத்துல வச்சிருந்த மொகம். "இதுக்கா இருட்டுல எந்திரிச்சு ஓடறேன்?"னா. நான் மூணாம் வகுப்புல இருக்கறதால அவளுக்கு அஞ்சாம் வகுப்பு, வரி அவ தலையில கூடுதலா விழும், ரெண்டையும் சேத்துப் பாத்தா மாசத்துக்கு லாபம்தான்னு வெளக்கினேன். வழக்கம்போல ஒரு தமாஷ் வேற. "உன் பங்கும் என் சம்பளத்துலதான் பத்திரமா இருக்கு."

"அப்ப மாத்திக்கலாம். உங்க பங்கு என் சம்பளத்துல பத்திரமா இருக்கட்டும்."

ரெண்டு பேரும் நாலாம் வகுப்புக்கு மாறலாம், சமமா இருக்கும், ஆனா மாசச் செலவுக்குக் கை கடிக்கும், அந்தப் பணம் அடுத்த வருஷம் கணக்கு முடிச்சாத்தான் திரும்பி வரும்னு இழுத்தேன்.

"திரும்பி வருமில்ல? காத்திருங்க. உங்களுக்காக நான் தைக்குக் காத்திருக்காம ஓடி வரலையா?"

மறுபடியும் அதே நகராட்சி ஆபீஸ், மறுபடியும் டோக்கன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் சம்பளம் தொப்புனு எறங்கிச்சு. எதிர்பாத்ததுதான், இருந்தாலும் சீட்டுல பேரை ரெண்டு தடவை படிச்சேன்.

அந்த மாசமும் மாமனார் கூப்பிட்டாரு. "என்ன மாப்பிள்ளை, இந்த மாசம் என் பொண்ணால எவ்வளவு மிச்சம்?"

"ஒண்ணும் மிச்சமில்ல மாமா. எனக்குக் கொறஞ்சிருச்சு. அவ பங்கை அவளே வாங்கிக்கறா."

பின்னால அதே பஸ் ஹாரன். லைன் இருக்கான்னு போனைக் காதுல இருந்து எடுத்துப் பாத்தேன். அப்புறம் தொண்டையைக் கனைக்கற சத்தம்.

"இப்பதான் மாப்பிள்ளை எனக்கு அவளைக் கட்டிக் குடுத்த மாதிரி இருக்கு."

அதுக்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் என்கிட்ட கேட்டதே இல்ல. இப்ப வீடியோ கால்ல நெத்தி வந்ததும் மொதல்ல தேடறது அவளைத்தான். "சம்பளம் வந்துச்சாம்மா?" வந்துச்சுப்பான்னு அவ சொன்னா, நெத்திச் சுருக்கம் எல்லாம் விரியும். பக்கத்துல நான் கையாட்டிக்கிட்டே நிப்பேன். "ஆங், மாப்பிள்ளையும் இருக்காரா? சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான் என் பங்கு. எந்த வகுப்புல போட்டுப் பாத்தாலும் அதுக்கு மேல வராது.