நாலாம் நம்பர் பஸ்

ஈரக் கம்பளிக் கோட்டும் ரப்பர் பாயும் கலந்த மணம் எங்கே மூக்கில் பட்டாலும், எழுபதுகளில் வட ஜெர்மனியில் நாங்கள் இருந்த ஆங்கிலப் பட்டாளக் குடியிருப்பின் உடற்பயிற்சிக்கூடமும், அங்கே அம்மாவிடம் நான் சொன்ன பொய்யும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

கம்பிவேலிக்குள் ஒரு குட்டி இங்கிலாந்து அது: ஆங்கிலப் பள்ளிக்கூடம், ஆங்கிலக் கடை, தேவாலயம், ஐந்தாறு தெருக்கள். அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தில் அப்பா சமையற்காரர் என்பதால் எங்களுக்கும் அங்கே இரண்டு அறைகள் கிடைத்திருந்தன. கிழக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் கிழக்கு ஜெர்மனியின் எல்லை, அதற்கப்பால் ரஷ்ய டாங்கிகள். அவை வந்தால் ஆண்கள் சண்டைக்குப் போவார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் பஸ்களில் மேற்கே அனுப்புவார்கள் என்பது ஏற்பாடு. அதற்காகக் கம்பளியும் தகர டின் சாப்பாடும் அடைத்த பெட்டியொன்று வீட்டுக்கு வீடு வாசலருகே தயாராக இருக்கும். அம்மா அதற்கு வைத்த பெயர் "ஓட்டப் பெட்டி". பக்கத்து வீட்டு ஆங்கிலப் பெண்கள் தங்கள் பெட்டிமேலேயே தேநீர்க் கோப்பையை வைத்துக் கதைபேசுவார்கள். அம்மாவோ மாதம் தவறாமல் எங்களதைப் பிரித்துப் புது மிளகாய்த்தூள் வைப்பார். "மகாராணியின்ர சனம் உயிரைக் காப்பாத்துவினம், உறைப்புத் தரமாட்டினம்."

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு காலை சைரன் ஊதியது. பயிற்சியா உண்மையா என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஆண்களை ஏற்றிக்கொண்டு லொறிகள் போய் முடிந்தபோது தெருவில் ஓர் ஆண்கூட மிச்சமில்லை. அம்மா பெட்டியோடு என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு உடற்பயிற்சிக்கூடத்துக்கு ஓடினார். சுவரில் பஸ்வாரியாகப் பெயர்ப்பட்டியல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். வாசிப்பது என் பொறுப்பு.

"எங்கட பேர் எந்த பஸ்ஸில? வடிவாப் பார் தம்பி."

மேலிருந்து கீழே பார்த்தேன், பிறகு கீழிருந்து மேலே. இல்லை. பட்டியல் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு மட்டும். சமையற்காரன் வீட்டாருக்கு யாரும் இடம் எழுதவில்லை. தங்கை பெட்டிமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலாம் நம்பர் பஸ், அம்மா."

"அப்பாடா," என்று அந்த வரிசையில் போய் நின்றார். வெளியே பஸ்கள் உறுமிக்கொண்டே நின்றன. ஏறும்போது தடுத்தால் என்ன சொல்வது என்று மத்தியானம்வரை நான் யோசித்தபடி நின்றேன். பயிற்சி முடிந்தது என்று ஓர் அதிகாரி வந்து அறிவித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிய கை நிற்கவில்லை. "தெரியும். போன வருசமே கேட்டனான், பாப்பம் எண்டவை. கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை." அதன்பின் எத்தனையோ சைரன்; எல்லாவற்றுக்கும் அம்மா தைரியமாக அதே வரிசையில் நின்றார், பக்கத்தில் நானும் நின்றேன்.

ரஷ்யர் வரவேயில்லை. பட்டாளம் போய்விட்டது, வேலி பிடுங்கப்பட்டுவிட்டது, ஆங்கிலக் கடை இப்போது மாணவர் விடுதி. அப்பாவும் இல்லை. போன கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி அனுமதிக்குக் காத்திருக்கும் பையன் ஒருவன் அம்மாவிடம் வந்திருந்தான். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"பயப்பிடாதையுங்கோ தம்பி," என்றார் அம்மா. "வெள்ளைக்காரர் ஆரையும் கைவிடமாட்டினம். அந்தப் பயத்துக்குள்ளயும் எங்களுக்கு பஸ்ஸில இடம் வைச்சிருந்தவை. இவனைக் கேட்டுப் பாருங்கோ, இவன்தான் வாசிச்சவன்."

பையன் என்னைப் பார்த்தான்.

"ஓம்," என்றேன்.